அளவெடுத்துக் கட்டும் சைக்கிளில் கார்பனுக்கு எங்கே இடம்?

ஸ்டீலில் ஃபிரேம் கட்டித் தருகிறவரிடம் அளவு கொடுத்தாயிற்று. கை நீளம், கால் நீளம், தோள் அகலம் எல்லாம் எழுதிக்கொண்டார். அடுத்து அவர் கேட்கும் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் ஸ்டீலா, பிசினில் ஒட்டிய கார்பன் இழையா? சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் எதில்? சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் சீட் ஸ்டேயைக் கார்பனில் ஒட்டித் தரட்டுமா? ரிம்? இவை ஒவ்வொன்றும் தனித்தனி முடிவு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லிவிட முடியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றிக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சந்தேகம் வந்தால் மாற்றிவிட முடிகிற இடத்தில் கார்பன் வரலாம். ஒட்டி மூடியபின் பார்க்கவே முடியாத இடத்தில் அது வேண்டாம். பெரிய நகரத்தில் இருப்பவரைவிட, காட்பாடியிலோ ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ இருந்துகொண்டு ஓட்டுகிறவருக்கு இது இன்னும் பொருந்தும்.

ஸ்டீல் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது பால் கேன் மாட்டிய கனத்த சைக்கிள். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் வட ஆற்காட்டுக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் கழனிக்கும் சுமந்திருக்கின்றன. அந்தக் குழாய் வேறு, உங்களுக்காக எடுக்கப்படும் குழாய் வேறு. முனைகளைத் தடிப்பாகவும் நடுவை மெல்லியதாகவும் இழுக்கும் முறைக்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 1897இலேயே காப்புரிமை வாங்கியது. 1935இல் அவர்கள் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ் மாலிப்டினம் குழாய் பல பத்தாண்டுகளுக்குப் பந்தய சைக்கிள்களின் உடலாக இருந்தது. இன்று கிடைக்கும், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ஸ்டீல் குழாய்களும் அதே வழிதான்: முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ., மறுமுனையில் மீண்டும் 0.9 மி.மீ. என்பது வழக்கமான ஒரு அளவு. பற்றவைக்கும் இடத்தில் சூட்டையும் சுமையையும் தாங்கத் தடிப்பு வேண்டும். நடுவில் அவ்வளவு வேண்டியதில்லை.

இப்படிக் கட்டிய சாலை ஃபிரேம் சுமார் 1.8 முதல் 2.2 கிலோ வரை வரும். முழுக் கார்பன் ஃபிரேம் ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். ஃபோர்க்கில், ஸ்டீல் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ, கார்பன் என்றால் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். ஆக, ஃபோர்க்கை மட்டும் மாற்றினாலே அரை கிலோவுக்கு மேல் குறைகிறது. சீட் போஸ்டில் 50 முதல் 100 கிராம். ஹேண்டில்பாரிலும் அதே அளவுதான்.

அந்தக் குறைவு சாலையில் என்னவாகிறது என்று ஏலகிரியில் வைத்துக் கணக்குப் போடலாம். ஓட்டுகிறவர் 72 கிலோ. சைக்கிள், தண்ணீர், கருவிப்பை எல்லாம் 13 கிலோ. மொத்தம் 85. ஃபோர்க்கில் 600 கிராம் குறைத்தால் அது மொத்தத்தில் 0.7 சதவீதம். ஏற்றத்தில் நம் பலம் பெரும்பாலும் எடையைத் தூக்குவதிலேயே போவதால், மிச்சமாகும் நேரமும் அதே விகிதம்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போக ஒரு மணி நேரம் எடுக்கிறவருக்கு அதிகபட்சம் 25 நொடி மிச்சம். ஆற்காடு, வாலாஜா பக்கத்துச் சமதளத்தில் அதுகூட இல்லை. அங்கே நம்மைத் தடுப்பது எதிர்காற்று. பந்தயத்தில் 25 நொடி என்பது பரிசுக்கும் வெறுங்கைக்கும் உள்ள தூரம், அதை நான் மறுக்கவில்லை. கிரெக் லெமாண்ட் 1986இல் கார்பன் ஃபிரேமில் டூர் டி பிரான்ஸ் வென்றார். மிகுவேல் இந்துரைன் 1994இல் வென்றதோடு ஸ்டீல் ஃபிரேமின் காலம் அந்தப் பந்தயத்தில் முடிந்தது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் உதிரி சைக்கிள்களோடு ஒரு காரும் மெக்கானிக்குகளும் வருகிறார்கள். விழுந்த ஃபோர்க் அன்று இரவே குப்பைக்குப் போய்விடும். நம் ஃபோர்க் பல வருடம் நம்மோடு இருக்க வேண்டியது.

அடுத்து சொகுசு. "ஸ்டீல் மெத்தென்று இருக்கும்", "கார்பன் அதிர்வை விழுங்கிவிடும்" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. மலிவான சைக்கிளின் சாதா ஸ்டீலுக்கும் விலை உயர்ந்த ரெனால்ட்ஸ் 853க்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டுமே 200 கிகாபாஸ்கலை ஒட்டியவை. உயர்ந்த ஸ்டீலுக்கு அதிகமாக இருப்பது வலிமை. வலிமை கூடுவதால் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும். விறைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழாயின் விட்டம். சுவர்த் தடிப்பு மாறாமல் 28.6 மி.மீ. குழாய்க்குப் பதில் 31.8 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எனவே "எந்தக் கம்பெனி குழாய்?" என்று கேட்பதோடு நிற்காமல் "என் எடைக்கு என்ன விட்டம் போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். 60 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே குழாய் போடுகிறவர் அளவெடுத்துக் கட்டுகிறவர் அல்ல.

உடம்புக்கு வரும் அதிர்வில் பெரும் பங்கைத் தாங்குவது டயரில் இருக்கும் காற்று. 25 மி.மீ. டயரை இறுக்கி அடித்துக்கொண்டு, கார்பன் ஃபோர்க் கையைக் காப்பாற்றும் என்று நம்புவது வீண். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் 32 அல்லது 35 மி.மீ. டயர் நுழைய இடம் விடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, பொருள் எது என்ற விவாதத்தைவிட மணிக்கட்டுக்கு அதிக நன்மை செய்யும்.

சரி, பாகங்களுக்கு வருவோம்.

ஒட்டி வைக்கும் கார்பன் சீட் ஸ்டே பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் இது பெரிய நாகரிகமாக இருந்தது. அலுமினிய, ஸ்டீல் ஃபிரேம்களின் பின்பக்கத்தில் கார்பன் கால்களை ஒட்டி விற்றார்கள். பார்க்க அழகு. கிடைக்கும் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் முக்கோணமாகக் கட்டிய பின்பக்கம் மேலும் கீழுமாக அசைவதே அற்பம். இழப்போ பெரிது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உலோகத்தைத் தொட்டுக்கொண்டு, நடுவில் வியர்வையோ மழைநீரோ புகுந்தால் உலோகம் அரிக்கத் தொடங்கும். நல்ல ஒட்டில் நடுவே காப்புப் படலம் வைப்பார்கள். அது சரியாக வைக்கப்பட்டதா என்று வாங்குகிறவரால் பார்க்க முடியாது. ஒட்டு விடத் தொடங்கினால் முதலில் கிரீச் சத்தம், பிறகு ஆட்டம். அதன்பின் முழு ஃபிரேமும் போச்சு. ஆயுள் முழுக்க ஓட்டக் கட்டுகிற ஃபிரேமில் இந்தப் பலவீனத்தைக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை.

ஃபோர்க்கில்தான் உண்மையான போட்டி. இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் இது எடையோடு முடிகிற விஷயம் அல்ல. சைக்கிள் எப்படித் திரும்பும் என்பதே இதில் இருக்கிறது.

ஃபோர்க்கின் மேல்தண்டு நுழையும் ஹெட் டியூபின் சாய்வு ஒன்று. ஸ்டீரிங் அச்சிலிருந்து சக்கரத்தின் அச்சு எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்ற அளவு இன்னொன்று. அதை ரேக் என்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து டிரெயில் என்ற மூன்றாவது அளவைத் தருகின்றன. ஸ்டீரிங் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கு எவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறதோ அதுவே டிரெயில். அது அதிகமானால் சைக்கிள் நேர்கோட்டில் பிடிவாதமாகப் போகும், மெதுவாக ஓட்டும்போது ஹேண்டில் ஒரு பக்கம் சாயும். குறைந்தால் சட்டென்று திரும்பும். 700சி சக்கரம், 32 மி.மீ. டயர், 72.5 டிகிரி சாய்வு, 45 மி.மீ. ரேக் என்றால் டிரெயில் சுமார் 60 மி.மீ. பலருக்கும் இது இதமான அளவு.

இப்போது ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் கட்டுகிறோம் என்று வையுங்கள். ஃபிரேம் குட்டை, திரும்பும்போது கால் விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். இடிக்காமல் இருக்க ஹெட் டியூபை 71 டிகிரிக்குச் சாய்த்து முன்சக்கரத்தைத் தள்ளி வைப்பார் கட்டுகிறவர். அதே 45 மி.மீ. ரேக் ஃபோர்க்கைப் போட்டால் டிரெயில் 70 மி.மீ. அளவுக்குப் போய்விடும், ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது முன்பக்கம் தள்ளாடும். 55 மி.மீ. ரேக் இருந்தால் டிரெயில் மீண்டும் 60க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், கால் விரலுக்கு இன்னும் கொஞ்சம் இடமும் கிடைக்கும். கடையில் கிடைக்கும் கார்பன் சாலை ஃபோர்க்குகள் பெரும்பாலும் 43 முதல் 50 மி.மீ. ரேக்கில்தான் வருகின்றன. அச்சில் வார்த்து எடுப்பது என்பதால் ஒருவருக்காக ஒன்று என்று செய்ய மாட்டார்கள். ஸ்டீல் ஃபோர்க் கட்டுகிறவருக்கு 55 என்பது காலைக் கொஞ்சம் கூடுதலாக வளைப்பது, அவ்வளவுதான்.

அளவெடுத்துக் கட்டும் சைக்கிளுக்குக் கடை ஃபோர்க்கை வாங்கி மாட்டினால் ஃபோர்க்குக்கு ஏற்றபடி ஃபிரேம் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தரை அடி முதல் ஆறடி வரை உள்ளவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. கடை ஃபோர்க்குகள் அவர்களை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. அதற்குக் கீழே உள்ளவர்கள், குறிப்பாகக் கடைச் சைக்கிள்களால் இத்தனை காலம் கைவிடப்பட்ட பெண்கள், ஃபோர்க்கையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

ஸ்டீல் ஃபோர்க்கின் ஆதரவாளர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒன்றும் உண்டு. பழைய ரிம் பிரேக் சைக்கிளில் மெல்லிய கால்கள் கீழே அழகாக வளைந்து, குழியில் இறங்கும்போது கொஞ்சம் கொடுத்து வாங்கும். டிஸ்க் பிரேக் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது இடது காலின் கீழ்ப்பகுதியில் பெரும் சுமை விழுகிறது. அதைத் தாங்கக் கால்களைத் தடித்த குழாயில் செய்தாக வேண்டும். அப்படிச் செய்த ஸ்டீல் ஃபோர்க் விறைப்பானது, கனமும் கூட. அதிலே பழைய மென்மையைத் தேடினால் கிடைக்காது. டிஸ்க் பிரேக்கோடு, மூட்டை முடிச்சு இல்லாமல் வேகமாக ஓட்டப்போகிற சராசரி உயரக்காரருக்கு நல்ல கம்பெனியின் கார்பன் ஃபோர்க்கே மேல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

மூட்டை என்று வந்தால் கதை வேறு. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டமான பிரெவேயில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் அவகாசம். இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கு முன்சக்கர டைனமோ விளக்கு வேண்டும், மட்கார்டு வேண்டும், முன்பக்கம் ஒரு பை வேண்டும். ஸ்டீல் ஃபோர்க்கில் இவை எல்லாவற்றுக்கும் திருகு துளையைக் கட்டும்போதே வைத்துவிடலாம். விளக்கின் வயரைக் காலுக்குள்ளேயே விடலாம். கார்பன் ஃபோர்க்கில் தயாரிப்பாளர் துளை வைத்திருந்தால் மட்டுமே மாட்டலாம், அதுவும் அவர் சொன்ன எடை வரைதான். துளை இல்லாத கார்பன் காலில் கிளிப் போட்டு இறுக்கிப் பை மாட்டுவது ஆபத்து. கார்பன் இழை இழுவிசையைத் தாங்கும், ஒரே இடத்தில் நசுக்குவதைத் தாங்காது.

நம் சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகிறவர்களுக்குத் தெரியும்: வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள், அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே காயும் வேர்க்கடலையும் கேழ்வரகும், கரும்பு டிராக்டர் போன தடத்தில் பெயர்ந்த தார். அமிர்தி பக்கமும் ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகம் போகும் வழியிலும் மழைக்குப் பிறகு சாலையோரம் அரித்துப் போயிருக்கும். இங்கே விழாமல் பல வருடம் ஓட்டுவது கடினம். அதனால் "எது உடையாது?" என்ற கேள்வியைவிட "அடி பட்டபின் எது நமக்குச் சொல்லும்?" என்ற கேள்வி முக்கியம்.

கார்பனுக்கு அநியாயம் செய்யக் கூடாது. தினசரி அதிர்வில் அது சோர்ந்துபோவதில்லை. அந்த விஷயத்தில் அலுமினியத்தைவிட எவ்வளவோ மேல். பெயர் பெற்ற விபத்து ஒன்றில் வீணாகக் கார்பன் பழி சுமப்பதும் உண்டு. 2006 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காபியின் ஹேண்டில் கையோடு வந்து அவர் விழுந்ததைக் காட்டி, "பார், கார்பன் ஃபோர்க்" என்பார்கள். அன்று முறிந்தது அந்த ஃபோர்க்கின் அலுமினிய ஸ்டீரர், அதாவது ஹெட் டியூபுக்குள் நுழையும் குழாய். கார்பனின் பலவீனம் வேறிடத்தில்: பக்கவாட்டில் படும் அடி, தப்பான இறுக்கம், கல்லில் மோதல். அடுக்கடுக்காக ஒட்டிய இழைகள் உள்ளே பிரிந்திருக்கும், மேலே வார்னிஷ் பளபளவென்று இருக்கும்.

தெரிந்த தம்பி ஒருவர் ஒடுகத்தூர் பக்கம் குழியில் இறங்கிக் கவிழ்ந்தார். வெளியே ஒரு கீறலும் இல்லை. "ஒண்ணும் ஆகலண்ணா, ஓட்டிக்கலாம்" என்றுதான் சொன்னார். ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் கழற்றி ஃபோர்க்கை வெளியே உருவிப் பார்த்தபோது, அடி பேரிங் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே ஸ்டீரரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது. நாணயத்தால் தட்டினால் மற்ற இடத்தில் கணீரென்றும் அங்கே மட்டும் மந்தமாகவும் சத்தம். உருவிப் பார்க்க முடிந்ததால் அது தெரிந்தது. கழற்றக்கூடிய இடத்தில் மட்டும் கார்பன் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கார்பன் ஃபோர்க் போடுகிறவர் அதை வருடத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு விழுதலுக்குப் பிறகும் உருவிப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். அது முடியாது என்றால் ஸ்டீல் ஃபோர்க்கைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீலும் அழிவற்றது அல்ல. ஆனால் அது பெரும்பாலும் வளையும், பெயிண்ட் வெடித்து உரியும், விரிசலில் துருக் கோடு கசியும். கண்ணில் படும். மோதியபின் ஃபிரேம் கோணியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும்: ஒரு பக்கத்தில் பின்சக்கர அச்சு மாட்டும் டிராப்அவுட்டிலிருந்து ஹெட் டியூபைச் சுற்றி மறுபக்கத்து டிராப்அவுட் வரை இழுத்துக் கட்டி, சீட் போஸ்ட் நுழையும் சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும். லேசான கோணலை அனுபவமுள்ள கை நிமிர்த்திவிடும்.

"ஸ்டீலை எந்த ஊரிலும் பற்றவைத்துக்கொள்ளலாம்" என்று சொல்வதைப் பாதிதான் நம்பலாம். கேட், கிரில் செய்யும் பட்டறையின் ஆர்க் வெல்டிங் 0.6 மி.மீ. சுவரில் பட்டால் ஓட்டைதான் விழும். பழைய தடித்த குழாய்க்கு அது சரி, இதற்கு இல்லை. தேட வேண்டியது ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரை, அல்லது கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவைக்கும் பழைய ஆளை. இதில் வேலூர் பக்கத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ராணிப்பேட்டையில் பி.எச்.இ.எல். கொதிகலன் துணைக்கருவி ஆலையையும் சிப்காட்டையும் நம்பி வளர்ந்த பட்டறைகளில் ஆர்கான் வேலையில் தேர்ந்த கைகள் உண்டு. அப்படி ஒருவரிடம் ஃபிரேமைக் கொண்டுபோனால் அவர் முதலில் கேட்பது "இன்னா தடிப்புண்ணா இது?" என்பதாகத்தான் இருக்கும். பதில் நம்மிடம் இருக்க வேண்டும். எந்தக் குழாய், முனையில் எத்தனை, நடுவில் எத்தனை, சூடுபடுத்திப் பதப்படுத்திய ரகமா என்பதைக் கட்டுகிறவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஆர்.சி. புத்தகம் போல பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கார்பனையும் பழுது பார்க்கலாம், அதற்கென்று ஆட்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். பெட்டி கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஃபோர்க்கை மட்டும் பழுது பார்க்கச் சொல்ல மாட்டேன். மாற்றிவிட வேண்டும்.

சீட் போஸ்டில் கார்பன் தாராளமாக வரலாம். 27.2 மி.மீ. போஸ்ட் கொஞ்சம் நீளமாக வெளியே நின்றால் மெல்ல வளைந்துகொடுக்கும். முதுகுக்கு அது தெரியும். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய போஸ்ட் வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டால் அரித்து உள்ளேயே இறுகிவிடுவது உண்டு, கார்பனில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கட்டுகிறவரிடம் கறாராகக் கேட்க வேண்டியது ஒன்று: பற்றவைத்த சூட்டில் சீட் டியூபின் வாய் கோணும், அதை ரீமர் விட்டுச் சரியாக 27.2க்குத் தேய்த்து, வெட்டின் ஓரத்தில் பிசிறு இல்லாமல் எடுத்திருக்க வேண்டும். கூர்மையான ஒரு பிசிறு கார்பன் போஸ்டை அறுத்துவிடும். மாட்டும்போது கிரீஸ் தடவக் கூடாது. கார்பனுக்கென்று வரும் சொரசொரப்பான பேஸ்ட் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். இறுக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். பாகத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் பாகம் வாங்கவே வேண்டாம். கடைக்காரர் கைப்பழக்கத்தில் இறுக்கினால், "அண்ணா, நானே ரெஞ்ச் கொண்டுவந்திருக்கேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஹேண்டில்பாரை அலுமினியமாகவே விட்டுவிடுவேன். விழும்போது முதலில் தரையில் மோதுவது அதுதான். விலை வித்தியாசத்தில் நல்ல டயர் இரண்டு வாங்கலாம்.

வெயிலைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது வெளியே நிறுத்திய கார்பன் இளகிவிடுமா? இளகாது, அந்தப் பிசின் இளகும் வெப்பம் அதற்கு வெகு மேலே. சூடு உண்மையிலேயே கெடுக்கும் இடம் ரிம் பிரேக் பிடிக்கும் கார்பன் ரிம். ஏலகிரியிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை இழுத்துப் பிடித்தே வந்தால் ரிம்மின் சூடு பிசினைத் தொட்டுவிடும். ரிம் பிரேக் என்றால் அலுமினிய ரிம், பேச்சே இல்லை. டிஸ்க் பிரேக் என்றால் சூடு ரிம்முக்குப் போகாது, அப்போது உங்கள் பணம் உங்கள் விருப்பம். ஆனாலும் கோட்டம் எடுக்கத் தெரிந்த கடை நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கும்போது 32 ஸ்போக் கம்பி போட்ட அலுமினிய ரிம்மை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

துரு ஸ்டீலின் உண்மையான எதிரி. அது வெளியே இருந்து வருவதைவிட உள்ளே இருந்து வருவது அதிகம். சீட் போஸ்ட் வழியாக இறங்கும் மழைநீரும் மேல் பாரில் சொட்டும் வியர்வையும்தான் காரணம். கட்டி முடித்ததும், பெயிண்ட் அடித்தபின், குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெயோ மெழுகோ விட்டுத் தரச் சொல்லுங்கள். பெடல் பெட்டிக்கு அடியில் ஒரு வடிகால் துளையும் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டிவிட்டு வந்தால் போஸ்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வடிய விடுங்கள். இவ்வளவு செய்தால் போதும், துருவுக்குப் பயந்து ஸ்டீலைக் கைவிட வேண்டியதில்லை.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. ஹெட் டியூபை 44 மி.மீ. உள்விட்டத்தில் போடச் சொல்லுங்கள். பழைய முறைப்படி மேலும் கீழும் 1⅛ அங்குலம் உள்ள ஸ்டீல் ஃபோர்க்கும் அதில் உட்காரும். கீழே தனிக் கிண்ணம் வைத்தால், அடியில் 1½ அங்குலத்துக்கு விரியும் இன்றைய கார்பன் ஃபோர்க்கும் உட்காரும். நேர்க் குழாய்க்கான மெல்லிய ஹெட் டியூபை இன்று போட்டுவிட்டால், புதிய கார்பன் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை நாளை உங்களுக்குப் பொருந்தாது. கொஞ்சம் தடித்த தோற்றம், சில பத்து கிராம் கூடுதல். அதற்கு இரண்டு கதவும் திறந்திருக்கும்.

ஆனால் ஃபோர்க் மாற்றும்போது உயரத்தைக் கவனிக்க வேண்டும். சக்கர அச்சிலிருந்து, ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் கிரௌன் வரையுள்ள நீளம் 20 மி.மீ. கூடினால் ஹெட் டியூபின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறிவிடும். பெடல் தரையிலிருந்து எழும், சைக்கிளின் குணமே வேறாகும். அதனால் முதலில் ஸ்டீல் ஃபோர்க் கட்டுகிறவரும், பின்னால் எந்தக் கார்பன் ஃபோர்க்குக்குப் போகலாம் என்று இப்போதே தீர்மானித்து, அதன் நீளத்துக்கும் ரேக்குக்கும் ஒத்தபடி கட்டச் சொல்ல வேண்டும். நேராகக் கார்பன் ஃபோர்க் போடுகிறவர், அட்டவணையில் உள்ள அளவை நம்பி ஆர்டர் கொடுக்காமல், ஃபோர்க்கை முதலில் வாங்கிக் கட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதை அளந்த பிறகு குழாய் வெட்டட்டும். ஸ்டீரரை மட்டும் அப்போது வெட்ட வேண்டாம். ஹேண்டில் உயரம் சில வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே உடம்புக்குத் தெரியும்.